பறக்கும் பறவைக்கு எந்த டெலிஃபோட்டோ லென்ஸ்?

பறவைப் படம் எடுக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் "எத்தனை மில்லிமீட்டர் லென்ஸ் வாங்கலாம்?" என்பதுதான். கிளையில் அமர்ந்திருக்கும் பறவையை மட்டும் எடுப்பதென்றால் அந்தக் கேள்வியே போதும்; கையில் இருக்கும் பணத்துக்கு எவ்வளவு நீளமான லென்ஸ் கிடைக்கிறதோ அதை வாங்கி, டிரைபாடில் பொருத்திவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்கலாம். பறந்துகொண்டிருக்கும் பறவையின் கணக்கு வேறு. அது நமக்கு வாகாக அமைகிற நேரம் பல சமயங்களில் மூன்று நான்கு வினாடிகளே. அதற்குள் அதை வியூஃபைண்டருக்குள் பிடிக்க வேண்டும், ஃபோகஸ் அதன்மேல் விழ வேண்டும், அது திரும்பும் பக்கமெல்லாம் லென்ஸும் திரும்ப வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் 600 மி.மீ. லென்ஸ் வைத்திருந்து பயனில்லை. ஆகவே, கையில் தூக்கிப் பிடித்துத் தடையின்றிச் சுழற்றக்கூடிய எடை, விரைவான ஆட்டோஃபோகஸ், பறவையைத் தேடிப் பிடிக்கப் போதுமான காட்சி அகலம் ஆகியவற்றை முதலில் பார்த்துவிட்டு, குவிய நீளத்தை அவற்றுக்கு அடுத்தபடியாக வைத்து முடிவெடுப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களைக் கணக்கோடு பார்ப்போம்.

குவிய நீளமும் காட்சி அகலமும்

லென்ஸின் மேல் எழுதப்பட்டிருக்கும் 300, 400, 600 போன்ற எண்கள் அதன் குவிய நீளத்தை மில்லிமீட்டரில் குறிக்கின்றன. தொலைவில் உள்ள ஒரு பொருள் சென்சாரின் மேல் எவ்வளவு பெரிதாக விழும் என்பதை இந்த எண்ணும் பொருளின் தூரமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. கணக்கு எளிது: பொருளின் அளவைக் குவிய நீளத்தால் பெருக்கி, தூரத்தால் வகுத்தால் சென்சாரின் மேல் விழும் பிம்பத்தின் அளவு கிடைத்துவிடும்.

நாம் அடிக்கடி பார்க்கும் செம்பருந்தை எடுத்துக்கொள்வோம். சிறகுகளை விரித்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஏறத்தாழ 1.2 மீட்டர் இருக்கும். அது 40 மீட்டர் தூரத்தில் பறக்கும்போது 300 மி.மீ. லென்ஸில் அதன் பிம்பம் 9 மி.மீ. அகலத்துக்கும், 400 மி.மீ. லென்ஸில் 12 மி.மீ. அகலத்துக்கும், 600 மி.மீ. லென்ஸில் 18 மி.மீ. அகலத்துக்கும் விழும். ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ. என்பதால், அந்தப் பருந்து முறையே படத்தின் கால் பங்கையும் மூன்றில் ஒரு பங்கையும் பாதியையும் நிரப்பும். தொடக்க நிலைக் கேமராக்கள் பலவற்றில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சாரின் அகலம் ஏறத்தாழ 24 மி.மீ. மட்டுமே. எனவே அதே 400 மி.மீ. லென்ஸ் அந்தக் கேமராவில் படத்தின் பாதியைப் பருந்தால் நிரப்பிவிடுகிறது.

இதைத்தான் கிராப் ஃபேக்டர் என்கிறார்கள். நிக்கான், சோனி ஏபிஎஸ்-சி கேமராக்களில் அது 1.5, கேனானில் 1.6, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராக்களில் 2. லென்ஸ் உருவாக்கும் பிம்பம் இதனால் பெரிதாவதில்லை. சிறிய சென்சார் அந்தப் பிம்பத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்கிறது. ஆயினும் பறவை எடுப்பவருக்கு இது மெய்யான ஆதாயம்தான். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமராவில் படத்தின் அகலம் 6000 பிக்சல். பறவை அதில் பாதியை நிரப்பினால் சிறகு முதல் சிறகு வரை 3000 பிக்சல் கிடைக்கும். ஒரு ஏ4 தாளில் தரமாக அச்சிட ஏறத்தாழ 3500 பிக்சல் அகலம் போதும் என்பதால், பறவையைச் சுற்றிச் சிறிது வெளிவிட்டுக் கத்தரித்தாலும் படம் அச்சுக்குத் தாங்கும். பறவை படம் முழுவதையும் நிரப்ப வேண்டும் என்ற ஆசைதான் பலரைத் தேவைக்கு மீறிய நீளத்துக்கு இழுத்துச் செல்கிறது.

அந்த ஆசைக்குக் கொடுக்கும் விலை காட்சி அகலம். கையை முழுதாக நீட்டி, நடு மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்தால் அவை மறைக்கும் வானத்தின் அகலம் சுமார் 5 பாகை. ஃபுல் ஃப்ரேமில் 400 மி.மீ. லென்ஸ் காட்டும் அகலமும் அவ்வளவுதான். அதே நீட்டிய கையில் கட்டைவிரல் மட்டும் மறைக்கும் அகலம் சுமார் 2 பாகை. ஏபிஎஸ்-சி கேமராவில் 600 மி.மீ. லென்ஸ் மாட்டினால் நமக்குக் கிடைப்பது அதைவிடச் சற்றே அதிகம். வெறும் வானத்தில் வேகமாகக் கடக்கும் ஒரு பறவையைக் கட்டைவிரல் அளவுள்ள சாளரத்துக்குள் முதல் முயற்சியிலேயே கொண்டுவருவது, பழகியவர்களுக்கும் எளிதான காரியம் இல்லை. கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனதும் நீலவானம் மட்டுமே தெரிகிறது, லென்ஸை அங்குமிங்கும் ஆட்டித் தேடுவதற்குள் பறவை போய்விடுகிறது என்று புதியவர்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

பறவையைப் பிடித்த பிறகும் இந்தச் சிக்கல் தொடர்கிறது. 40 மீட்டர் தூரத்தில், ஏபிஎஸ்-சி கேமராவில் 600 மி.மீ. லென்ஸ் காட்டும் பரப்பின் அகலம் 1.6 மீட்டர். நம் ஏரிகளில் சாதாரணமாகக் காணக்கூடிய கூழைக்கடாவின் சிறகு விரிப்பு 2 மீட்டருக்கும் மேல். பறவை கிடைத்தும் சிறகு நுனிகள் படத்துக்கு வெளியே போய்விடும். அதே இடத்தில் 400 மி.மீ. லென்ஸ் இருந்தால் 2.4 மீட்டர் அகலம் கிடைக்கிறது. அதுவும் பக்கவாட்டில் நெருக்கமாகத்தான் இருக்கும், ஆனால் முழுப் பறவையையும் படத்துக்குள் வைக்கலாம்.

இடமும் பறவையும் சொல்லும் கணக்கு

ஒருவர் வழக்கமாக எங்கே போகிறார் என்பது லென்ஸ் தேர்வில் பெரும் பங்கு வகிக்கிறது. வேடந்தாங்கலில் நாம் ஏரிக்கரையின் மேல் நிற்கிறோம். கூடுகள் உள்ள மரங்களோ தண்ணீருக்குள் தள்ளி நிற்கின்றன. கூட்டையே எடுக்க நினைத்தால் 600 மி.மீ.கூடப் போதாது என்றே தோன்றும். ஆனால் மாலையில் சுற்றுவட்டார வயல்களிலிருந்தும் ஏரிகளிலிருந்தும் இரையோடு திரும்பும் நத்தைகுத்தி நாரைகளும் கொக்குகளும் கரைக்கு மேலாகவே தாழ்ந்து கடக்கும்போது 300, 400 மி.மீ. தாராளமாகப் போதும். திருநெல்வேலி மாவட்டத்தின் கூந்தன்குளத்தில் நிலைமை இன்னும் சுலபம். அங்கே மஞ்சள்மூக்கு நாரைகள் ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. கூட்டுக்கு வந்திறங்கும் நாரை அவ்வளவு அருகில் இருப்பதால், கேமராவோடு கூடவே விற்கப்படும் 55-250 மி.மீ. வகை லென்ஸிலேயே நல்ல படங்கள் எடுக்கலாம். பழவேற்காட்டின் பூநாரைகள் இதற்கு நேர்மாறு. ஆழமில்லாத பரந்த நீர்ப்பரப்பின் நடுவில், மனிதர் நெருங்கினால் விலகிப் போகும் தூரத்தில் அவை நிற்பதால், அங்கே 500 மி.மீ.க்கு மேல் உள்ள லென்ஸ்களுக்கு உண்மையான வேலை உண்டு.

தூரம் கூடும் இடங்களில் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். வெயில் ஏறியபின் நிலத்துக்கும் நீருக்கும் மேலே சூடான காற்று அடுக்குகள் அலையத் தொடங்குகின்றன. அவற்றின் வழியாக வரும் ஒளி நிலையாக வராமல் நெளிகிறது. கோடியக்கரைப் பகுதியின் உப்பளங்களைப் போன்ற திறந்த வெளிகளில் காலை ஒன்பது மணிக்குப் பிறகு தொலைவில் உள்ள பறவையை எந்த லென்ஸில் எடுத்தாலும் இறகின் விவரம் கரைந்து போயிருக்கும். லென்ஸ் சரியில்லை என்று நினைத்துக் கடையில் கொண்டுபோய்க் காட்டுகிறவர்கள் உண்டு. நீளமான லென்ஸ் அந்த நெளிவையும் சேர்த்தே பெரிதாக்குகிறது என்பதால், இதற்கு மாற்று லென்ஸில் இல்லை. விடியற்காலையில் போவதிலும் பறவை அருகில் வரும் இடத்தைக் கண்டறிவதிலும் இருக்கிறது.

அருகில் வரும் இடத்தைக் காற்று காட்டிக்கொடுக்கும். பெரிய பறவைகள் எழும்பும்போதும் இறங்கும்போதும் காற்றை எதிர்கொண்டே செய்கின்றன. சூரியனும் காற்றும் நம் முதுகுப் பக்கம் இருக்குமாறு நின்றுகொண்டால், பறவைகள் வெளிச்சம் முகத்தில் விழ நம்மை நோக்கியே வரும். இப்படி நிற்கத் தெரிந்தவர் 400 மி.மீ. லென்ஸில் எடுக்கும் படத்தை, காற்றைக் கவனிக்காதவர் 800 மி.மீ. வைத்திருந்தாலும் எடுக்க முடியாது. பறவையைக் கல்லெறிந்தோ கைதட்டியோ எழுப்பிப் பறக்கவிட்டு எடுக்கிறவர்களை அவ்வப்போது பார்க்கிறோம். கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கும் காலத்தில் தாய்ப்பறவை எழுந்து போனால் வெயிலும் காகங்களும் அவற்றை முடித்துவிடும். அந்தப் படம் எவ்வளவு நன்றாக வந்தாலும் எடுக்கக் கூடாத படமே.

சிறிய பறவைகளுக்குக் கணக்கு மாறும். பச்சைப் பஞ்சுருட்டானின் சிறகு விரிப்பு ஏறத்தாழ 30 செ.மீ.; செம்பருந்துக்கு 40 மீட்டரில் கிடைத்த அளவு இதற்கு 10 மீட்டரில்தான் கிடைக்கும். தகைவிலானும் உழவாரனும் அந்தத் தூரத்தில் திசை மாற்றும் வேகத்துக்கு எந்த லென்ஸும் எளிதாக ஈடுகொடுக்காது. தொடங்குகிறவர் பருந்து, நாரை, கூழைக்கடா, ஆலா ஆகியவற்றில் பழகிவிட்டு அவற்றுக்கு வருவது நல்லது. லென்ஸையும் அந்தப் பெரிய பறவைகளை மனதில் வைத்தே தேர்ந்தெடுக்கலாம்.

துளையின் அளவு, வெளிச்சம், எடை

எஃப் 4, எஃப் 5.6, எஃப் 6.3 போன்ற எண்கள் லென்ஸ் எவ்வளவு ஒளியை உள்ளே விடும் என்பதைச் சொல்கின்றன. எண் சிறிதானால் துளை பெரிது. எஃப் 4-இலிருந்து எஃப் 5.6-க்குப் போனால் ஒளி பாதியாகிறது. எஃப் 8-க்குப் போனால் மீண்டும் பாதி. இப்படி ஒளி பாதியாவதையோ இரட்டிப்பாவதையோ ஒரு ஸ்டாப் என்பார்கள். எஃப் 5.6-க்கும் 6.3-க்கும் உள்ள வேறுபாடு ஒரு ஸ்டாப்பில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. அதை நினைத்துத் தயங்க வேண்டியதில்லை.

ஒளி எதற்காகத் தேவைப்படுகிறது என்றால், ஷட்டர் வேகத்துக்காக. ஒரு பறவை வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில், 40 மீட்டர் தூரத்தில் குறுக்கே பறப்பதாகக் கொள்வோம். 400 மி.மீ. லென்ஸில் அதன் பிம்பம் சென்சாரின் மேல் வினாடிக்கு 100 மி.மீ. நகரும். கேமராவை அசைக்காமல் 1/500 வினாடியில் எடுத்தால் அது 0.2 மி.மீ. நகர்ந்திருக்கும், 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமராவில் இது ஏறத்தாழ 50 பிக்சல் அகலமான கலங்கல். 1/2000 வினாடியில் அது 12, 13 பிக்சலாகக் குறைகிறது. பறவையின் கூடவே கேமராவைத் திருப்பும்போது உடலின் நகர்வு பெருமளவு சமன்செய்யப்படுகிறது, ஆனால் மேலும் கீழும் அடிக்கும் சிறகின் நகர்வு அப்படியே இருக்கும். அதனால்தான் நாரை, கூழைக்கடா போன்று நிதானமாகச் சிறகடிக்கும் பறவைகளுக்கு 1/1250 வினாடி, பருந்துக்கும் ஆலாவுக்கும் 1/2000, பஞ்சுருட்டானுக்கு 1/3200 அல்லது அதற்கும் மேல் என்று வைத்துக்கொள்கிறோம்.

நல்ல வெயிலில் எஃப் 5.6, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) 400 என்று வைத்தால் 1/3200 வினாடி கிடைத்துவிடும். நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி காலை ஏழரை மணிக்கெல்லாம் இதற்கு அருகில் உள்ள வெளிச்சம் வந்துவிடுவதால், பறக்கும் பறவைக்கு எஃப் 5.6 லென்ஸ் குறைபாடுடையது என்று நான் கருதவில்லை. விடிந்தும் விடியாத வேளையில்தான் வேறுபாடு உறைக்கிறது. எஃப் 5.6 லென்ஸில் 1/2000 வினாடிக்கு ஐஎஸ்ஓ 3200 தேவைப்படும் வெளிச்சத்தில் எஃப் 4 லென்ஸுக்கு 1600 போதும்; எஃப் 11 லென்ஸுக்கோ 12800 வேண்டும். அந்த அளவில் இறகின் நுண்ணிய கோடுகள் இரைச்சல் எனப்படும் புள்ளிகளில் மூழ்கிவிடும்.

பெரிய துளைக்குக் கொடுக்கும் விலை எடை. குவிய நீளத்தை எஃப் எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் வரும். 600 மி.மீ. எஃப் 4 லென்ஸுக்கு அது 150 மி.மீ.; 600 மி.மீ. எஃப் 6.3-க்கு 95, 400 மி.மீ. எஃப் 5.6-க்கு 71. முன்பக்கக் கண்ணாடி குறைந்தபட்சம் அந்த அகலம் இருந்தாக வேண்டும். கேனானின் 600 மி.மீ. எஃப் 4 லென்ஸின் 2018-ஆம் ஆண்டு வடிவமும் சோனியின் 2019-ஆம் ஆண்டு வடிவமும் எடைக்குறைப்பில் பெரிய சாதனைகள். இருந்தும் இரண்டும் 3 கிலோவைத் தாண்டுகின்றன, விலையும் பத்து லட்சம் ரூபாயைத் தாண்டும். அவற்றைக் கையில் பிடித்து மணிக்கணக்கில் பறவைகளைத் தொடர்வது உடற்பயிற்சி உள்ளவர்களுக்கே கடினம். கேமராவும் லென்ஸும் சேர்ந்து இரண்டரைக் கிலோவுக்குள் இருந்தால் ஒரு காலைப்பொழுது முழுவதும் கையிலேயே வைத்துப் படம் எடுக்கலாம். அதற்கு மேல் போனால் லென்ஸைச் சமநிலையில் தாங்கித் திருப்பவிடும் ஜிம்பல் தலை பொருத்திய டிரைபாட் வேண்டும். அது வந்ததும் தலைக்கு மேலே கடக்கும் பறவைகள் கைவிட்டுப் போகத் தொடங்கும்.

எடையைக் குறைக்க இன்னொரு வழி இருக்கிறது. நிக்கானின் பிஎஃப் லென்ஸ்களில் ஃப்ரெனல் வகைக் கண்ணாடி ஒன்று சேர்க்கப்படுவதால் லென்ஸ் குட்டையாகவும் இலேசாகவும் ஆகிறது. 2015-இல் வந்த 300 மி.மீ. எஃப் 4 பிஎஃப் லென்ஸின் எடை 755 கிராம். அதற்கு முந்தைய 300 மி.மீ. எஃப் 4 லென்ஸ் 1440 கிராம் இருந்தது. 2018-இல் வந்த 500 மி.மீ. எஃப் 5.6 பிஎஃப் 1460 கிராம்தான். பறக்கும் பறவைக்கென்றே செய்ததுபோன்ற லென்ஸ் என்று அதைச் சொல்லத் தயங்கமாட்டேன். பலமான விளக்கோ சூரிய ஒளியின் பிரதிபலிப்போ படத்துக்குள் வந்தால் வளையம் போன்ற ஒளிச்சிதறல் தெரியலாம் என்பது இவ்வகையின் ஒரே குறிப்பிடத்தக்க குறை.

ஆட்டோஃபோகஸ்

விளம்பரங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் களத்தில் மிக அதிகமாகத் தேவைப்படுவதும் லென்ஸின் ஃபோகஸ் வேகம்தான். கேமராவின் ஆட்டோஃபோகஸ் எவ்வளவு புத்திசாலித்தனமாக இருந்தாலும், லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடித் தொகுதியை நகர்த்துவது லென்ஸின் மோட்டார். அது தாமதித்தால் கேமரா சொன்ன இடத்துக்குக் கண்ணாடி போய்ச் சேரும்போது பறவை அங்கே இருக்காது. வளைய வடிவ அல்ட்ராசோனிக் மோட்டார்களும் அண்மைக்கால லீனியர் மோட்டார்களும் இவ்வேலைக்கு ஏற்றவை.

லென்ஸின் இடப்பக்கத்தில் சிறு சுவிட்சுகள் இருக்கும். அவற்றில் ஃபோகஸ் லிமிட்டர் என்பதைப் பலர் வாங்கிய நாள் முதல் தொடுவதே இல்லை. லென்ஸ் எந்தத் தூரத்திலிருந்து எந்தத் தூரம் வரை ஃபோகஸ் தேட வேண்டும் என்பதை அது வரையறுக்கிறது. கேனானின் 400 மி.மீ. எஃப் 5.6 லென்ஸில் 3.5 மீட்டர் முதல் முடிவிலி வரை, 8.5 மீட்டர் முதல் முடிவிலி வரை என்று இரண்டு நிலைகள் உள்ளன. பறவை சட்டகத்தைவிட்டு ஒரு கணம் விலகியதும், லிமிட்டர் போடாத லென்ஸ் மிக அருகிலிருந்து தேடத் தொடங்கி மீண்டும் தொலைவுக்கு வரும். அந்தப் போக்குவரத்திலேயே ஒரு வினாடி கழிந்துவிடும், வியூஃபைண்டரில் வானம் முழுவதும் ஒரே மங்கலாகிப் பறவை இருந்த இடமே தெரியாது. சுவிட்சை 8.5 மீட்டர் நிலைக்குத் தள்ளிவிட்டால் இந்தத் தேடல் பெருமளவு சுருங்கிவிடுகிறது. சுவிட்ச் இல்லாத லென்ஸ் என்றால், பறவை வரும் முன்பே ஏறத்தாழ அதே தூரத்தில் உள்ள மரத்தின்மேல் ஒருமுறை ஃபோகஸ் செய்து வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

அதிர்வுக் கட்டுப்பாட்டைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உள்ளது. கேனான் ஐஎஸ் என்றும் நிக்கான் விஆர் என்றும் அழைக்கும் இவ்வசதி நம் கை நடுக்கத்தை மட்டுமே அடக்குகிறது. பறவையின் அசைவை அது நிறுத்துவதில்லை. 1/2000 வினாடியில் கை நடுக்கம் பெரிய சிக்கலும் இல்லை. வியூஃபைண்டரில் காட்சி ஆடாமல் இருப்பதால் பறவையின்மேல் ஃபோகஸ் புள்ளியை வைத்திருக்க உதவுகிறது என்பதே இதன் பயன். கேனானில் மோட் 2 அல்லது 3, நிக்கானில் ஸ்போர்ட் என்ற நிலைகள் பறவையைத் தொடர்ந்து திருப்பும்போது பொருந்தும்; சாதாரண நிலையில் விட்டால் நாம் திருப்புவதையே நடுக்கம் என்று எடுத்துக்கொண்டு அது எதிர்ப்பக்கம் இழுக்கக்கூடும். இவ்வசதி இல்லை என்பதற்காக நல்ல லென்ஸை ஒதுக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன கேனான் 400 மி.மீ. எஃப் 5.6 லென்ஸில் அது கிடையாது. 1993-இல் வந்த அந்த 1250 கிராம் லென்ஸ் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பறக்கும் பறவை எடுப்பவர்களின் விருப்ப லென்ஸாக இருந்தது, அதன் எடைக்காகவும் ஃபோகஸ் வேகத்துக்காகவுமே.

ஜூமா, பிரைமா?

ஒரே குவிய நீளம் கொண்ட பிரைம் லென்ஸ் பொதுவாக இலேசு, ஃபோகஸும் வேகம். ஜூம் லென்ஸுக்கு இருக்கும் ஒரே பலம் தொடங்குகிறவருக்கு மிகப் பெரிய பலம்: 150 அல்லது 200 மி.மீ.யில் அகலமாக வைத்துப் பறவையைக் கண்டுபிடித்துவிட்டு, அது நெருங்க நெருங்க உள்ளே போகலாம். இப்படிச் செய்ய வேண்டுமானால் ஜூம் வளையத்தைக் கை எடுக்காமல் ஒரே திருப்பில் முழுத் தூரமும் திருப்ப முடிய வேண்டும். சோனி 200-600 லென்ஸிலும் நிக்கான் இசட் 180-600 லென்ஸிலும் திருப்பம் குறைவு, ஜூம் செய்யும்போது லென்ஸ் நீள்வதும் இல்லை என்பதால் எடைச் சமநிலை குலையாது. சிக்மா, டாம்ரான் 150-600 லென்ஸ்களில் குழாய் வெளியே நீள்கிறது. முழு நீளத்தில் முன்பக்கம் கனப்பதை இடக்கை உணரும்.

நீளம் போதாதபோது, கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையில் மாட்டிக் குவிய நீளத்தைக் கூட்டும் டெலிகன்வர்ட்டர் போட்டுக்கொள்ளலாம் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். 1.4 மடங்கு கன்வர்ட்டர் ஒரு ஸ்டாப் ஒளியையும் 2 மடங்கு கன்வர்ட்டர் இரண்டு ஸ்டாப்பையும் விழுங்கும், ஃபோகஸும் மந்தமாகும். எஃப் 5.6 லென்ஸில் 1.4 போட்டால் எஃப் 8 ஆகிறது. அந்த நிலையில் பழைய டிஎஸ்எல்ஆர்கள் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி வைத்த கேமராக்கள்) பலவற்றில் ஆட்டோஃபோகஸ் வேலையே செய்யாது, சிலவற்றில் நடுப்புள்ளி மட்டும் வேலை செய்யும். எஃப் 4 பிரைம் லென்ஸோடு 1.4 சேர்ப்பதை மட்டும் நான் பரிந்துரைப்பேன்.

கையில் இருக்கும் கேமராவுக்கு எது?

கேனான் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் பழைய 400 மி.மீ. எஃப் 5.6 லென்ஸைச் செகண்ட்ஹேண்டில் தேடலாம். சற்றுக் கூடுதலாகச் செலவிட முடிந்தால் 100-400 இரண்டாம் வடிவம் எல்லா வேலைக்கும் உதவும். இவை இரண்டும் அடாப்டர் மூலம் கேனானின் மிரர்லெஸ் (அந்தக் கண்ணாடி இல்லாத) கேமராக்களிலும் குறையின்றி இயங்குகின்றன என்பதால், பின்னாளில் கேமரா மாற்றினாலும் போட்ட பணம் வீணாகாது. புதிதாக மிரர்லெஸ் வாங்குகிறவர்களுக்கு ஆர்எஃப் 100-400 மி.மீ. எஃப் 5.6-8 லென்ஸ் 635 கிராம் எடையில் நல்ல தொடக்கம். காலை முதல் வெளிச்சத்தில் மட்டும் திணறும். 100-500 எடையைத் தவிர மற்ற எல்லா வகையிலும் அதைவிட மேல், விலையும் அப்படியே. 600, 800 மி.மீ. எஃப் 11 லென்ஸ்கள் நீளத்தை மலிவாகத் தருகின்றன. இருந்தும் குறுகிய காட்சியும் குறைந்த ஒளியும் ஒருசேர வருவதால், அமர்ந்த பறவைக்கு மட்டுமே அவற்றைச் சொல்வேன்.

நிக்கான் டிஎஸ்எல்ஆர்க்காரர்களுக்கு 300 மி.மீ. பிஎஃப் லென்ஸும் 1.4 கன்வர்ட்டரும் சேர்ந்த 420 மி.மீ. எஃப் 5.6 அமைப்பு அருமையானது. 200-500 எஃப் 5.6 லென்ஸ் விலைக்கு நல்ல தெளிவைத் தருகிறது, 2.3 கிலோ எடையும் சற்றே நிதானமான ஃபோகஸும் கொண்டதால் நாரைகளுக்குப் பொருந்தும், ஆலாக்களுக்குப் பொருந்தாது. நிக்கானின் மிரர்லெஸ் வரிசையான இசட் கேமராக்களில் 400 மி.மீ. எஃப் 4.5 லென்ஸ் 1245 கிராமில் கிடைக்கிறது. பறப்பனவற்றை மட்டும் எடுப்பேன் என்பவருக்கு 180-600-ஐவிட அதுவே ஏற்றது.

சோனியில் ஏபிஎஸ்-சி கேமரா என்றால் 70-350 மி.மீ. லென்ஸ் 625 கிராம் மட்டுமே. ஃபுல் ஃப்ரேமில் 525 மி.மீ.க்கு இணையான காட்சியைத் தருகிறது. ஃபுல் ஃப்ரேம் என்றால் 200-600 பலருடைய தேர்வு. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் ஒலிம்பஸ் 300 மி.மீ. எஃப் 4 லென்ஸ் 600 மி.மீ. காட்சியைக் கையடக்கமாகத் தருகிறது. கேனான், நிக்கான் டிஎஸ்எல்ஆர் வைத்திருந்து பட்ஜெட் இறுக்கமாக இருப்பவர்கள் 150-600-க்குத் தாவுவதற்கு முன் சிக்மா, டாம்ரான் நிறுவனங்களின் 100-400 லென்ஸ்களைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். 2017-இல் வந்த இவ்விரண்டும் 1.2 கிலோவுக்குள் அடங்குகின்றன.

வாங்கும் முன்

இயன்றால் லென்ஸை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். கடையிலேயே பார்ப்பதென்றால் வாசலுக்கு வந்து, வானத்தில் வட்டமிடும் கரும்பருந்தையோ குறுக்கே போகும் காகத்தையோ பிடித்துப் பாருங்கள். எதிர்க்கடைப் பெயர்ப்பலகையைக் குறிவைத்து எடுத்த படம் தெளிவைச் சொல்லும், ஃபோகஸ் வேகத்தைச் சொல்லாது. கேமராவில் கேனானென்றால் ஏஐ சர்வோ, மற்றவற்றில் ஏஎஃப்-சி என்னும் தொடர் ஃபோகஸ் நிலையை வைத்து, தொடர்ச்சியாகப் பத்துப் பதினைந்து படங்கள் எடுத்து, திரையில் பெரிதாக்கிக் கண்ணில் ஃபோகஸ் விழுந்தவை எத்தனை என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் சரியாக விழுந்திருந்தால் அந்த லென்ஸும் உங்கள் கேமராவும் ஒத்துப்போகின்றன என்று பொருள். கை எவ்வளவு நேரத்தில் சோர்கிறது என்பதையும் அப்போதே கவனித்துக்கொள்ளுங்கள்.

செகண்ட்ஹேண்ட் லென்ஸ் வாங்கும்போது நம் கடலோர ஈரப்பதத்தை மறக்கக் கூடாது. இருபக்க மூடிகளையும் கழற்றி, துளையை முழுதாகத் திறந்து வைத்து, பின்பக்கத்திலிருந்து செல்போன் விளக்கை அடித்து முன்பக்கம் வழியே சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் போலவோ வேர் போலவோ கிளைத்த கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். இரண்டொரு தூசித் துகள்கள் படத்தைப் பாதிக்காது. ஃபோகஸை மிக அருகிலிருந்து முடிவிலி வரை பலமுறை ஓடவிட்டு, எங்காவது திக்குகிறதா, கீச்சொலி வருகிறதா என்று கேளுங்கள். ஜூம் லென்ஸைத் தலைகீழாகப் பிடித்தால் குழாய் தானாகச் சரிகிறதா என்றும், டிரைபாட் காலரின் திருகு இறுகுகிறதா என்றும் பாருங்கள். கேமராவோடு பொருந்தும் உலோக வளையத்தில் வளைவோ வெட்டோ இருந்தால் லென்ஸ் கீழே விழுந்திருக்க வாய்ப்புண்டு. படத்தின் நான்கு மூலைகளையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் அப்படிப்பட்டதை எடுக்க வேண்டாம். வாங்கிய பிறகு தோல் பையிலோ மரப்பெட்டியிலோ மூடி வைக்காமல், காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்து, ஜெல் நிறம் மாறியதும் சூடேற்றி உலர்த்தி மீண்டும் போடுங்கள்.